மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்: ஆய்வுகள் கூறுவது என்ன?

மஞ்சள் காமாலை என்பது தனியொரு நோயன்று. உடலுக்குள் நிகழும் வெவ்வேறு கோளாறுகள் வெளிக்காட்டும் பொதுவான ஓர் அறிகுறியே அது. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பது போலவே காமாலைக்கும் பல காரணங்கள் உள்ளன. எனினும், கண்கள் மஞ்சளானவுடன் காரணத்தைக் கண்டறியும் முன்பே மருந்தைத் தேடும் வழக்கம் நம்மிடையே நிலவுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் மருத்துவமனைக்கு வரும் காமாலை நோயாளிகளில் பலர், முதலில் கீழாநெல்லிச் சாறு அருந்தி, பத்தியம் இருந்து, சில வாரங்கள் காத்திருந்த பின்னரே வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு இத்தாமதத்தால் தீங்கு நேர்வதில்லை. ஆனால் சிலருக்கு, உயிரைக் காக்கக்கூடிய வாரங்கள் அவ்வாறே கழிந்துவிடுகின்றன.

“கீழாநெல்லி காமாலையைக் குணப்படுத்துமா?” என்பது புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. மருத்துவ ஆய்வுலகம் இக்கேள்வியைப் புறக்கணிக்கவில்லை. சென்னையில் தொடங்கிப் பல நாடுகளில் இதுபற்றிய ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. அவ்வாய்வுகள் கண்டறிந்தவற்றையும், அவற்றிலிருந்து நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது?

நமது குருதியிலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கின்றன. முதிர்ந்த அணுக்கள் சிதையும்போது, அவற்றிலுள்ள ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனைக் குருதியிலிருந்து பிரித்தெடுத்து, நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தநீரில் சேர்க்கிறது. பித்தநீர் பித்தநாளத்தின் வழியாகச் சிறுகுடலை அடைந்து, இறுதியில் மலத்துடன் வெளியேறுகிறது. மலத்தின் பழுப்பு நிறத்திற்குக் காரணமும் இதுவே.

இப்பாதையின் எந்த இடத்தில் கோளாறு ஏற்பட்டாலும் பிலிருபின் குருதியில் தேங்கும். ஒரு டெசிலிட்டர் குருதியில் 1 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பான அளவு. அது 2 முதல் 3 மில்லிகிராமைத் தாண்டும்போது கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகத் தெரியத் தொடங்கும்.

கோளாறு நிகழும் இடத்தைப் பொறுத்துக் காமாலையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைவதால் வருவது. இரண்டாவது, கல்லீரல் அணுக்களே பாதிக்கப்படுவதால் வருவது. வைரஸ் தொற்று, மது, சில மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணமாகும். மூன்றாவது, பித்தநாளம் அடைபடுவதால் வருவது. பித்தக்கற்களும், பித்தநாளம் அல்லது கணையத்தில் தோன்றும் கட்டிகளும் இவ்வடைப்பை உண்டாக்குகின்றன. மூன்றிலும் கண்கள் மஞ்சளாகவே தெரியும். ஆனால் மூன்றுக்கும் உரிய சிகிச்சைகள் முற்றிலும் வேறானவை.

இங்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கோடை வெயிலில் கிரிவலம் வந்தபின் சிறுநீர் அடர்மஞ்சளாகச் சென்றால் அது பெரும்பாலும் உடலில் நீர் குறைந்ததன் விளைவே. பி வைட்டமின் மாத்திரைகளாலும் சிறுநீர் மஞ்சளாகும். பப்பாளி, கேரட் ஆகியவற்றை மிகுதியாக உண்போருக்கு உள்ளங்கை மஞ்சளாகலாம். ஆனால் கண்கள் வெண்மையாகவே இருக்கும். எனவே சந்தேகம் எழும்போது பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெண்பகுதியைப் பாருங்கள். அது மஞ்சளாக இருந்தால் குருதிப் பரிசோதனை அவசியம்.

நீர்வழிப் பரவும் கல்லீரல் அழற்சி

நம் ஊர்களில் மிகுதியாகக் காணப்படும் காமாலை, ஹெபடைடிஸ் ‘ஏ’, ஹெபடைடிஸ் ‘இ’ ஆகிய வைரஸ்களால் வரும் கல்லீரல் அழற்சியாகும். நோயுற்றவரின் மலத்தில் வெளியேறும் இவ்வைரஸ்கள், மாசடைந்த குடிநீர் மற்றும் உணவின் வழியாகப் பிறரை அடைகின்றன.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பெரும் சான்று உண்டு. 1955ஆம் ஆண்டின் இறுதியில் டெல்லியில் யமுனை வெள்ளத்தால், நகருக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தில் கழிவுநீர் கலந்தது. அதைத் தொடர்ந்த வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ‘ஏ’ வகைத் தொற்று என்றே நெடுநாள் கருதப்பட்டது. சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகளை 1980இல் மீண்டும் சோதித்தபோது, அது ‘ஏ’யும் அன்று, ‘பி’யும் அன்று எனத் தெரியவந்தது. 1978இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பரவிய காமாலையை ஆராய்ந்த மருத்துவர் முகமது சுல்தான் குரூவும் புதியதொரு வைரஸ் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதுவே இன்று ஹெபடைடிஸ் ‘இ’ என்று அறியப்படுகிறது. பொதுவாகத் தானே குணமாகும் இந்நோய் கர்ப்பிணிகளுக்கு மட்டும் பேராபத்தாக அமைகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இத்தொற்று ஏற்பட்டால், உயிரிழப்பு 20 முதல் 25 விழுக்காடு வரை நேரக்கூடும்.

கார்த்திகை தீபத்தின்போதும் பௌர்ணமி நாட்களிலும் இலட்சக்கணக்கானோர் கூடும் திருவண்ணாமலைக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். ‘ஏ’ வகைத் தொற்று உடலில் புகுந்து அறிகுறி தோன்ற 15 முதல் 50 நாட்கள் ஆகலாம். ‘இ’ வகைக்கு 2 முதல் 10 வாரங்கள் ஆகலாம். அதனால் திருவிழாவின்போது அருந்திய நீருக்கும், அடுத்த மாதம் சொந்த ஊரில் தோன்றும் காமாலைக்கும் உள்ள தொடர்பை மக்கள் உணர்வதில்லை. மருத்துவரிடம் செல்லும்போது, கடந்த இரண்டு மாதங்களில் எங்கெங்கு சென்றீர்கள், எங்கு நீர் அருந்தினீர்கள் என்பதைக் கூறுவது நோயைக் கண்டறியவும், பரவலைத் தடுக்கவும் உதவும்.

எந்த மருந்தும் பலனளித்ததாகத் தோன்றுவது ஏன்?

‘ஏ’, ‘இ’ வகைத் தொற்றுகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தாமாகவே குணமாகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸை அகற்றிவிடுகிறது. கல்லீரலும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. இவ்வகை நோயாளிகள் 100 பேருக்குக் கீழாநெல்லியைக் கொடுத்தாலும், மோரை மட்டும் கொடுத்தாலும், ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைவர். குணமடைந்தவர், தாம் இறுதியாக எடுத்துக்கொண்ட மருந்தே தம்மைக் காத்தது என்று நம்புவது இயல்பு. அந்நம்பிக்கையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது சான்று ஆகாது.

கண்ணிலும் மூக்கிலும் சாறு பிழிதல், முன்கையில் சூடு வைத்தல், காமாலையைக் கழுவி இறக்குதல் ஆகியவை இன்றும் செல்வாக்குடன் இருப்பதற்கும் இதுவே காரணம். கைகளில் சுண்ணாம்பு தடவிக் கழுவும்போது நீர் மஞ்சளாவதைக் காட்டி, நோய் இறங்கிவிட்டது என்பர். பிலிருபின் உள்ளங்கைத் தோலின் வழியாக வெளியேறுவதில்லை. கைகளில் பூசப்படும் பொருட்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதால் வரும் நிறமே அது. சூடு வைப்பதால் புண்ணும் சீழும் உண்டாகலாம். கண்ணில் பிழியும் சாறு பார்வையைப் பாதிக்கலாம்.

ஒரு மருந்து உண்மையில் பயன் தருகிறதா என்பதை அறிய ஒப்பீடு தேவை. ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும், மற்றொரு குழுவுக்கு அதைப் போலவே தோன்றும் மருந்துப்போலியும் கொடுக்க வேண்டும். இரு குழுக்களிடையே தெளிவான வேறுபாடு தெரிந்தால்தான் அது மருந்தின் விளைவு எனக் கூற முடியும். கீழாநெல்லி இத்தகைய சோதனைக்கு உட்படுத்தப்பட்ட மூலிகை என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னையில் தொடங்கிய ஆய்வு

இவ்வாய்வு ‘ஏ’ அல்லது ‘இ’ வகையைப் பற்றியதன்று. ஹெபடைடிஸ் ‘பி’ வகையைப் பற்றியது. ‘பி’ வைரஸ் குருதி, பாலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில் பரவுகிறது. சிலருடைய உடலில் இது ஆண்டுக்கணக்கில் தங்கிக் கல்லீரல் சுருக்க நோய்க்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கிறது. இவ்வாறு நாட்பட்ட தொற்றுடையவர்களில், ஆண்டுக்கு ஏறத்தாழ 100இல் ஒருவருக்கே வைரஸின் மேற்பரப்புப் புரதம் குருதியிலிருந்து தானாக மறைகிறது. ஆகவே, இவர்களிடம் ஒரு மருந்து பயன் தந்தால் அது எளிதில் புலப்படும். இக்காரணத்தால் ‘பி’ வகை நல்லதொரு சோதனைக் களமாக அமைந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், கீழாநெல்லிச் சாறு சோதனைக் குழாயில் ‘பி’ வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதை 1982இல் வெளியிட்டனர். ‘பி’ வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பரூக் புளூம்பெர்க் இதில் ஆர்வம் கொண்டார். பிலடெல்பியாவில் அவருடன் பணியாற்றிய வெங்கடேஸ்வரன் உள்ளிட்டோர், இதே வகை வைரஸால் பாதிக்கப்படும் வுட்சக் என்னும் கொறிவிலங்கிடம் கீழாநெல்லி இனச் சாற்றைச் சோதித்து, நம்பிக்கை தரும் முடிவுகளை 1987இல் வெளியிட்டனர்.

அடுத்த ஆண்டு, 1988இல், சென்னையில் மனிதர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு இங்கிலாந்தின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. ‘பி’ வைரஸைத் தாங்கியிருந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லித் தூள் கொடுக்கப்பட்டது. மருந்து முடிந்து 15 முதல் 20 நாட்களில் பரிசோதித்தபோது, மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 விழுக்காட்டினருக்கு, மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. மருந்துப்போலி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு மறைந்தது. குறிப்பிடத்தக்க பக்கவிளைவுகளும் காணப்படவில்லை.

நம் வயல் வரப்புகளில் மழைக்காலத்தில் தானே முளைக்கும் ஒரு செடி, உலகெங்கும் கோடிக்கணக்கானோரைப் பாதிக்கும் வைரஸை ஒரே மாதத்தில் அகற்றுகிறது என்பது எத்தகைய செய்தி என்பதை எண்ணிப் பாருங்கள். அது உலகின் கவனத்தை ஈர்த்ததில் வியப்பில்லை. எனினும், இது ஒரு தொடக்கநிலை ஆய்வு என்றே ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருந்தனர்.

பிற நாடுகளில் கிடைத்த முடிவுகள்

ஓர் ஆய்வின் முடிவு பிற இடங்களிலும் மீண்டும் கிடைக்கும்போதே அது உறுதி பெறுகிறது. தாய்லாந்து மருத்துவர்கள் அறிகுறியற்ற ‘பி’ வைரஸ் தாங்கிகளுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துச் சோதித்தனர். 1990இலும் 1991இலும் வெளியான அவர்களின் முடிவுகளில் சென்னையில் கண்ட பயன் தென்படவில்லை. நியூசிலாந்தில் நடந்த ஆய்வும் 1994இல் அவ்வாறே பயனில்லை எனத் தெரிவித்தது.

இம்முரண்பாட்டுக்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. கீழாநெல்லி என்ற பெயரில் நெருங்கிய உறவுடைய பல செடி இனங்கள் வழங்கி வருகின்றன. இலைகளின் அடியில் சிறு நெல்லி போன்ற காய்கள் வரிசையாக அமைந்திருப்பதால் பழக்கமற்றவர் கண்ணுக்கு அவை ஒன்றுபோலவே தோன்றும். விளையும் நிலம், பறிக்கும் பருவம், பதப்படுத்தும் முறை ஆகியவற்றுக்கேற்பச் செடியிலுள்ள வேதிப்பொருட்களின் அளவும் மாறும். சென்னை ஆய்வில் இறுதியாகப் பரிசோதிக்கப்பட்டோர் மொத்தம் 60 பேர் மட்டுமே. இரு குழுக்களின் எண்ணிக்கையும் சமமாக இல்லை. சிறிய ஆய்வுகளில் தற்செயலான வேறுபாடுகள் பெரிதாகத் தெரியக்கூடும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இவ்வினச் செடிகளைக் கொண்டு ‘பி’ வகை நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 16 ஆய்வுகளை 2011இல் ஒன்றாக ஆராய்ந்தது. மருந்துப்போலியுடன் ஒப்பிடுகையில் இச்செடிகள் பயன் தருகின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே அதன் முடிவு. பல ஆய்வுகளின் தரமும் போதுமானதாக இல்லை என்று அது சுட்டிக்காட்டியது.

இதை எவ்வாறு புரிந்துகொள்வது? கீழாநெல்லி நஞ்சு என்று இவ்வாய்வுகள் கூறவில்லை. சித்த மருத்துவத்தில் அதற்குள்ள இடத்தையும் அவை மறுக்கவில்லை. உடலில் தங்கிய ‘பி’ வைரஸைக் கீழாநெல்லி அகற்றும் என்பது நிறுவப்படவில்லை என்பதையே அவை கூறுகின்றன. எனவே ‘பி’ வகைத் தொற்றுடைய ஒருவர், கீழாநெல்லியை மட்டும் நம்பி, பரிசோதனையையும் உரிய மருந்தையும் கைவிடுவது பாதுகாப்பானதன்று.

மூலிகையோ மாத்திரையோ தீர்க்க இயலாத காமாலைகள்

வைரஸால் வரும் காமாலையில் காத்திருப்பது பெரும்பாலும் பயனளிக்கலாம். பித்தநாள அடைப்பால் வரும் காமாலையில் அவ்வாறு காத்திருக்க இயலாது. அடைபட்ட குழாயை எந்தச் சாறும் எந்த மாத்திரையும் திறப்பதில்லை.

பித்தப்பையில் உருவாகும் கல் நழுவிப் பித்தநாளத்தில் சிக்கினால், வலது மேல்வயிற்றில் வலியும் காமாலையும் தோன்றும். தேங்கிய பித்தநீரில் கிருமித் தொற்று ஏற்பட்டால் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். வலி, காமாலை, நடுக்கக் காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றினால் அது அவசர நிலை. சில மணி நேரங்களிலேயே தொற்று குருதியில் பரவக்கூடும். வாய் வழியாகச் செலுத்தப்படும் உள்நோக்குக் கருவியைக் கொண்டு, வயிற்றைத் திறக்காமலேயே பித்தநாளத்திலுள்ள கல்லை அகற்ற முடியும்.

கணையத்தின் தலைப்பகுதியில் தோன்றும் புற்றுநோய் பித்தநாளத்தை மெதுவாக அழுத்துகிறது. இதில் பெரும்பாலும் வலி இராது. காமாலை நாளுக்கு நாள் அதிகரிக்கும்; உடலெங்கும் அரிப்பு எடுக்கும்; மலம் சுண்ணாம்பு போல வெளிறும்; உடல் எடை குறையும். வலியில்லாததால் “சாதாரணக் காமாலைதான்” என்று பலர் காத்திருந்துவிடுகின்றனர். இந்நோயில் குணமடையும் வாய்ப்பைத் தருவது அறுவைச் சிகிச்சையே. ஆனால் நோய் கண்டறியப்படும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே அந்நிலையில் அறுவை செய்ய இயலுகிறது. 50 வயதைக் கடந்த ஒருவருக்கு வலியின்றிக் காமாலை தோன்றி வளர்ந்தால், மூலிகை அருந்திக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்பே.

பச்சிளம் குழந்தைகளின் நிலையையும் இங்கு அறிவது அவசியம். பிறந்த முதல் வாரத்தில் தோன்றும் இலேசான காமாலை பெரும்பாலும் இயல்பானது. பிறந்து 14 நாட்களுக்குப் பின்னும் காமாலை நீடித்து, மலம் வெளிறியும் சிறுநீர் மஞ்சளாகவும் இருந்தால், பித்தநாளம் பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவைச் சிகிச்சை இக்குழந்தைகளைக் காக்க உதவுகிறது. ஆனால் குழந்தைக்கு 60 நாட்கள் நிறைவடையும் முன் செய்தால்தான் அது வெற்றி பெறும் வாய்ப்பு மிகுதி. இக்குழந்தையை இளவெயிலில் காட்டிக்கொண்டு காத்திருப்பதால் அந்த 60 நாட்களே வீணாகின்றன. குழந்தையின் மலம் வெளிறியிருந்தால், வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அன்றே காட்டுங்கள்.

‘பி’, ‘சி’ வகைகளுக்கு இன்றுள்ள சிகிச்சை

ஹெபடைடிஸ் ‘பி’ தடுக்கக்கூடிய நோய். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியும் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகின்றன. 24 மணி நேரம் என்ற வரையறைக்குக் காரணம் உண்டு. பிறக்கும்போது தொற்றும் வைரஸ் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நாட்பட்ட நோயாக நிலைபெற்றுவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் 100இல் 5க்கும் குறைவானவர்களிடமே அவ்வாறு நிலைபெறுகிறது.

ஏற்கெனவே நாட்பட்ட ‘பி’ தொற்றுடையவர்களில் தேவையானோருக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் அளிக்கப்படுகின்றன. இவை வைரஸ் பெருகுவதைக் கட்டுப்படுத்திக் கல்லீரலைக் காக்கின்றன. பொதுவாக இவற்றை நெடுங்காலம் உட்கொள்ள வேண்டும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும். ஹெபடைடிஸ் ‘சி’ வகையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் 12 வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளால் 100இல் 95 பேருக்கும் மேல் முழுமையாகக் குணமடைகின்றனர். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சி கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இப்பரிசோதனைகளும் மருந்துகளும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. ஜூலை 28 பரூக் புளூம்பெர்க்கின் பிறந்த நாள்; உலகக் கல்லீரல் அழற்சி நாளாகவும் அது கடைப்பிடிக்கப்படுகிறது.

காமாலை கண்டால் செய்ய வேண்டியவை

முதலில், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள். கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, வைரஸ் பரிசோதனை, குருதி உறையும் நேரப் பரிசோதனை, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஆகியவற்றால் காமாலை எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். மேற்சிகிச்சை தேவைப்படுவோர் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், தேவையெனில் சென்னையிலுள்ள உயர்சிறப்பு மையங்களுக்கும் அனுப்பப்படுவர்.

சித்த மருத்துவத்தை நாட விரும்பினால், முதலில் இப்பரிசோதனைகளைச் செய்துகொண்டு, அரசு மருத்துவமனைகளிலுள்ள சித்த மருத்துவப் பிரிவில் தகுதி பெற்ற மருத்துவரிடம் முடிவுகளைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். வழியோரத்தில் விற்கப்படும் பெயரறியாத பொடிகளையும் சாறுகளையும் தவிர்த்துவிடுங்கள். உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தையும், மூலிகையையும் சேர்த்து, உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். காசநோய் மாத்திரைகள் உட்கொள்வோருக்குக் காமாலை வந்தால், அம்மருந்தாலேயே கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

கடும் பத்தியம் தேவையில்லை. உப்பையும் எண்ணெயையும் அறவே நீக்கி, மோரும் சாதமும் மட்டும் பல வாரங்கள் உண்பதால் உடல் மேலும் மெலிகிறது. குமட்டல் இருக்கும் நாட்களில் எளிதில் செரிக்கும் உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணலாம். பசி திரும்பியதும் இட்லி, சாதம், பருப்பு, முட்டை, பழங்கள் என வழக்கமான உணவை உண்ணலாம். மதுவை முற்றிலும் தவிர்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மாத்திரையை மருத்துவர் கூறும் அளவுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது.

கீழ்க்காணும் நிலைகளில் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவையெனில் 108 ஆம்புலன்சை அழையுங்கள்:

• காமாலையுடன் தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு, பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல்
• ஈறு, மூக்கு ஆகியவற்றில் இரத்தக் கசிவு, இரத்த வாந்தி, கருநிற மலம்
• குளிர்நடுக்கக் காய்ச்சலுடன் வயிற்று வலி
• நிற்காத வாந்தி, வயிறு வீங்குதல்
• கர்ப்பிணிக்குத் தோன்றும் எவ்வகைக் காமாலையும்

மேலும், வலியின்றி நாளுக்கு நாள் அதிகரிக்கும் காமாலை, வெளிறிய மலம், உடல் அரிப்பு, எடை குறைதல், பிறந்து 14 நாட்களுக்குப் பின்னும் நீடிக்கும் குழந்தையின் காமாலை ஆகியவற்றுக்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

தடுப்பு முறைகள்

குடிநீரை நன்கு கொப்பளிக்கும் வரை கொதிக்கவிட்டு, அதன்பின் ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆறவைத்து அருந்துங்கள். மலம் கழித்த பின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் சோப்பால் கைகளைக் கழுவுங்கள். கிரிவலப் பாதையில் நீர்ப்பந்தலோ அன்னதானமோ அமைப்போர், குளோரின் கலந்த நீரையே பயன்படுத்துவதும், குவளையை நீருக்குள் அமிழ்த்தாமல் குழாய் பொருத்திய கலன்களில் நீர் வழங்குவதும் பல ஊர்களுக்கு நோய் பரவுவதைத் தடுக்கும். ஒரே தெருவில் இருவருக்கு மேல் காமாலை கண்டால், உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலக்கும் இடத்தை விரைவில் கண்டறிய அது உதவும்.

கீழாநெல்லி ஆய்வுகள் நமக்குக் கற்பிப்பது ஒன்று உண்டு. நம் மண்ணின் மூலிகையைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வமும், கிடைத்த முடிவை மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் பொறுமையும் இணைந்ததே மருத்துவ அறிவியல். அதே பொறுமையோடு உங்கள் காமாலையின் காரணத்தையும் முதலில் சோதித்து அறியுங்கள். காரணம் தெரிந்த பின் காத்திருக்க வேண்டிய நோயாக இருந்தால், கவலையின்றிக் காத்திருக்கலாம். காத்திருக்கக் கூடாத நோயாக இருந்தால், உரிய நேரத்தில் சிகிச்சை பெறலாம்.